பர்சாத்தி அறைக்கு எஃகுச் சட்டச் சுவர்: தெர்மோகோல் பலகை சட்டத்துக்கு உள்ளேயா, வெளியேயா?

பர்சாத்தி_பாலு (மயூர் விகார்), மார்ச் 3

எல்லோருக்கும் வணக்கம். மயூர் விகார் முதல் கட்டத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். மேலே மொட்டை மாடியில் ஒரு பழைய பர்சாத்தி (தில்லியில் மாடி அறைக்கு அப்படிப் பெயர்). நாலரை அங்குலச் சுவர், கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் தகடு. மே மாதத்தில் வடாம் காயப்போட வெயிலுக்குப் போக வேண்டியதில்லை, அந்த அறைக்குள் பரப்பினாலே போதும். அதை எடுத்துவிட்டு, பிளஸ் டூ போகப்போகும் பெண்ணுக்குப் படிக்க ஓர் அறை கட்டுகிறேன். அனுமதி, கீழ்வீட்டார் சம்மதம் எல்லாம் முடிந்தது, அந்தப் பேச்சு வேண்டாம்.

கட்டடத்தின் மேல் எடை கூடக் கூடாது என்று பொறியாளர் சொல்லிவிட்டதால் செங்கல் கிடையாது, கூரையும் தகரம்தான். 75 மி.மீ. ஆழமுள்ள ஜிஐ சி சேனல் (துத்தநாகம் பூசிய, சி வடிவ எஃகுச் சட்டம்), 1 மி.மீ. தடிமன், 400 மி.மீ.க்கு ஒன்றாக நிற்கும். அறை 4 மீட்டருக்கு 3.5 மீட்டர், உயரம் 3 மீட்டர். நீளச் சுவர் மேற்கே பார்க்கிறது, எதிரில் மறைப்பே இல்லை.

டேக்கேதார் (ஒப்பந்தக்காரர்) சொல்லும் கணக்கு இது: சேனல்களுக்கு நடுவில் 50 மி.மீ. தெர்மோகோலை வெட்டிச் சொருக வேண்டும், வெளியே 8 மி.மீ. சிமென்ட் ஃபைபர் போர்டு, உள்ளே ஜிப்சம் போர்டு. "ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கும் சாப்" என்கிறார். வீட்டம்மாவோ கீர்த்தி நகரில் மரம் வாங்கி மரச் சட்டமாகவே போடலாமே என்கிறார். இந்த மாதிரி கட்டிக் குடியிருந்தவர்கள் சொல்லுங்கள்.

நொய்டா_செந்தில், மார்ச் 3

குடியிருக்கவில்லை, ஆனால் மூன்று வருடம் அதற்குள் உட்கார்ந்து வேலை பார்த்தேன். சைட் ஆபீஸ் போர்ட்டா கேபின். நீங்கள் சொல்லும் அதே அமைப்பு, இரும்புக் குழாய்க்கு நடுவில் தெர்மோகோல். மதியம் மூன்று மணிக்கு உள்சுவரில் கையை வைத்து நகர்த்தினால் எந்த இடத்தில் இரும்பு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அங்கே மட்டும் சுடும். ஜனவரியில் அதே இடங்களில் சாம்பல் நிறத்தில் நெடுக்குக் கோடு விழும். குளிர்ந்த கோட்டில் ஈரம் சேர்ந்து தில்லித் தூசி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வருடமும் பெயின்ட் அடிப்போம், ஒவ்வொரு வருடமும் வரும்.

பழைய_பொறியாளர் (ஆர்.கே. புரம்), மார்ச் 4

செந்தில் சொன்ன அந்தக் கோடுதான் உங்கள் கேள்விக்குப் பதில், பாலு. நான் மத்தியப் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் கணக்கு போடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெப்பத்தைக் கடத்துவதில் தெர்மோகோலின் எண் ஏறத்தாழ 0.036. எஃகின் எண் 50. ஆயிரத்து நானூறு மடங்கு. இப்போது உங்கள் சுவரில் 400 மி.மீ. அகலத்துக்கு ஒரு துண்டை எடுங்கள். அதில் 399 மி.மீ. தெர்மோகோல், 1 மி.மீ. எஃகு. தெர்மோகோல் பக்கம் 399 × 0.036, அதாவது 14 சொச்சம். எஃகுப் பக்கம் 1 × 50, அதாவது 50. அந்த ஒரு மில்லிமீட்டர் வழியாக, மீதிச் சுவர் முழுவதும் கடத்துவதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போகப் பார்க்கிறது. இது கரடுமுரடான கணக்கு. இரண்டு பக்கமும் போர்டு இருப்பதால் வெப்பம் அந்தச் சேனலைத் தேடிப் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் தடை உண்டு, நிஜத்தில் நிலைமை இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் காப்பில் பாதி போய்விடும். அமெரிக்காவின் ஆஷ்ரே (ஏசி, காற்றோட்டப் பொறியாளர் சங்கம்) 90.1 தரநிலையில் இதற்கென்றே அட்டவணை இருக்கிறது. 3.5 அங்குல எஃகுச் சட்டம், 16 அங்குல இடைவெளி (உங்கள் 400 மி.மீ. தான் அது), நடுவில் ஆர்-13 (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் அளவு, கூடினால் நல்லது) என்று அச்சிட்ட காப்பு வைத்தால் கணக்கில் எடுக்க வேண்டியது ஆர்-6 மட்டும். சட்டத்தை 6 அங்குலமாக்கி ஆர்-19 வைத்தால்கூட 7.1 தான் கிடைக்கும். கனத்தைக் கூட்டிப் பிரயோசனமில்லை.

ஆகவே பலகையைச் சட்டத்துக்கு நடுவில் சொருகாதீர்கள். சட்டத்தின் வெளிமுகத்தில், விட்டுப்போகாமல், போர்வை போல முழுச் சுவருக்கும் போர்த்துங்கள். அதே 50 மி.மீ., அதே சரக்கு. அதன்மேல் செங்குத்தாகச் சட்டப் பட்டை வைத்து, நீளத் திருகால் பலகையைத் துளைத்துச் சேனலில் முடுக்கி, பட்டையின்மேல் சிமென்ட் போர்டை அடிக்க வேண்டும். திருகும் இரும்புதானே என்று கேட்பீர்கள். அதுவும் கடத்தும், ஆனால் அது புள்ளி. சேனல் மூன்று மீட்டர் உயரக் கோடு.

வீட்டம்மா கேட்ட மரமும் மோசமான யோசனை இல்லை. மரத்தின் எண் 0.13. 50 மி.மீ. அகல மரம் என்றால் 6.5, மீதி 350 மி.மீ. தெர்மோகோல் 12.6. மூன்றில் ஒரு பங்கு மரம் வழியாகப் போகும், பரவாயில்லை. மரச் சட்டத்தில் நடுவில் வைத்தால் கொஞ்சம் நட்டம், எஃகுச் சட்டத்தில் வைத்தால் பெரும் நட்டம். உங்கள் டேக்கேதார் மரவேலையில் கற்றதை இரும்புக்கும் செய்கிறார் என்று தோன்றுகிறது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைச் சுத்தியலால் உடைத்து இறக்கவிடாதீர்கள். தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் பரம எதிரி.

கரோல்பாக்_கண்ணன், மார்ச் 4

எதற்கு இவ்வளவு? ஒரு டன்னுக்குப் பதில் ஒன்றரை டன் ஏசி வாங்கி மாட்டினால் முடிந்தது. தில்லியில் யார் இந்தப் பலகை எல்லாம் போட்டு வீடு கட்டினார்கள்? என் தாத்தா காலத்தில் கஸ்கஸ் (வெட்டிவேர்) தட்டியில் தண்ணீர் தெளித்துவிட்டுத் தூங்கினார்கள்.

பழைய_பொறியாளர், மார்ச் 4

கண்ணன், உங்கள் தாத்தா வீட்டுச் சுவர் ஒன்றரை அடி இருந்திருக்கும். அது பகல் வெயிலை விழுங்கி ராத்திரியில்தான் கக்கும். பாலு கட்டுவது அட்டைப் பெட்டி, விழுங்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஏசி கணக்கையும் போட்டுவிடலாம். மேற்குச் சுவர் 12 சதுர மீட்டர். மே மாத மாலை வெயிலில் வெளிமுகம் 58 டிகிரி, உள்ளே 28 என்று வையுங்கள், வித்தியாசம் 30. காப்பே இல்லாமல் இரண்டு பக்கமும் போர்டு மட்டும் இருந்தால் ஏறத்தாழ 790 வாட் உள்ளே வரும். டேக்கேதார் முறையில் 330. அதே பலகையை வெளியே போர்த்தினால் 200. ஒரு டன் ஏசி என்பது 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் இயந்திரம். காப்பில்லாத ஒரே ஒரு சுவர் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடுகிறது, இன்னும் கூரையைப் பற்றிப் பேசவே இல்லை.

கூரைதான் முதல் எதிரி. ஜூனில் நடுப்பகல் சூரியன் தில்லிக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அந்த மாதம் தெற்குச் சுவரில் வெயில் உரசிக்கொண்டுதான் போகும், கூரையும் மேற்கும் கிழக்கும்தான் வாங்கும். பணம் குறைவாக இருந்தால் கூரைக்கு இரட்டிப்பாகப் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சுவருக்குப் பாருங்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் வீடுகளுக்கென்று கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித் தொகுப்பிலும் கூரைக்குத் தனியாக யூ மதிப்பு (வெப்பத்தை உள்ளே விடும் அளவு, குறைந்தால் நல்லது) 1.2க்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. என்னைக் கேட்டால் அது தாராளமான வரம்பு. தகரக் கூரைக்குக் கீழே 0.5க்குள் கொண்டுவரப் பாருங்கள்.

குளிர்கிடங்கு_குமரன் (ஆசாத்பூர்), மார்ச் 5

சார் சொன்னதற்கு மேல் பௌதிகம் பேச எனக்குத் தெரியாது, சரக்கைப் பற்றிச் சொல்கிறேன். பத்தொன்பது வருடமாக ஆப்பிள், உருளைக்கிழங்குக் கிடங்குகளுக்கு இதே பலகைகளைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

கடையில் போய்த் தெர்மோகோல் என்று கேட்டால் டிவி பெட்டிக்குள் வரும் சரக்கைத் தலையில் கட்டிவிடுவான். அது வேறு, கட்டடத்துக்கானது வேறு. இரண்டுமே இபிஎஸ் (மணிமணியாக ஊதிய பாலிஸ்டைரீன் நுரை) தான், பார்க்கவும் ஒன்று போலவே இருக்கும், அடர்த்திதான் வித்தியாசம். ஐஎஸ் 4671 என்ற தரத்தில் கன மீட்டருக்கு 15, 20, 25 கிலோ என்று வகை பிரித்திருக்கிறார்கள். 20க்குக் கீழே வாங்காதீர்கள். கடைக்காரன் சொல்வதை நம்பவும் வேண்டாம், சமையலறைத் தராசை எடுத்துப் போங்கள். வழக்கமாகக் கிடைக்கும் ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் தகடு, 50 மி.மீ. கனம், 20 கிலோ சரக்காக இருந்தால் அரைக் கிலோ நிற்கும். கால் கிலோதான் காட்டுகிறது என்றால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். ஓரத்தை ஒடித்துப் பாருங்கள். மட்டச் சரக்கில் மணிமணியாக உதிரும், நல்லதில் மணியே உடையும்.

அடுத்தது எக்ஸ்பிஎஸ், இதுவும் பாலிஸ்டைரீன் நுரைதான். நீலம், இளஞ்சிவப்பு, பச்சை என்று ஏதாவது நிறத்தில் வரும். மணி தெரியாது, வழவழவென்று இருக்கும். தண்ணீர் குடிக்காது, அழுத்தம் தாங்கும், கடத்தும் எண் 0.030 பக்கம். மழை படும் இடம், சுவரின் அடிப்பகுதி, கூரைத் தளம் இதற்கெல்லாம் இதுதான். மூன்றாவது பிஐஆர், இரண்டு பக்கமும் அலுமினியத் தாள் ஒட்டிய மஞ்சள் நுரை. 0.023 வரை வரும், மற்றவற்றில் 50 மி.மீ. செய்யும் வேலையை இது 35இல் செய்துவிடும். விலையும் அப்படித்தான். தகரக் கூரைக்கு அடியில் நான் இதைத்தான் சொல்வேன். காரணம், இபிஎஸ்ஸும் எக்ஸ்பிஎஸ்ஸும் 75, 80 டிகிரிக்கு மேல் இளகிச் சுருங்க ஆரம்பிக்கும். தில்லியில் மே மாதத்து அடர்நிறத் தகரம் அதைத் தொட்டுவிட்டு வரும். வெள்ளைத் தகடாக வாங்கினால் அந்தத் தொல்லையில் பாதி தீரும்.

50 மி.மீ. ஒரே பலகையாகப் போடாமல் 25, 25 என்று இரண்டு அடுக்கு போடுங்கள். கீழ் அடுக்கின் இணைப்பு மேல் அடுக்கின் நடுவில் வர வேண்டும். வெட்டுகிற ஆள் எப்படியும் கோணலாகத்தான் வெட்டுவான், அந்தச் சந்து நேராக உள்ளேவரை போகாமல் இருக்கட்டும். சந்துகளில் டப்பா ஸ்ப்ரே நுரை, மேலே டேப். கிடங்கில் ஒரு விரல் சந்து விட்டால் அங்கே பனிக்கட்டி பிடிக்கும், மறுநாளே முதலாளி போன் வரும். வீட்டில் யாரும் போன் செய்ய மாட்டார்கள், அதனால்தான் வீட்டு வேலையில் யாரும் சந்துகளை அடைப்பதில்லை.

இணைப்புக்கு ரப்பர் பசை (தோல், லேமினேட் ஒட்டுவது) தொடவே கூடாது. அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். பள்ளிக்கூட புராஜெக்ட் செய்த எல்லோருக்கும் தெரியும், மிஸ்திரிக்குத்தான் தெரியாது. அப்புறம், பிவிசி ஒயர் பாலிஸ்டைரீனை ஒட்டியபடி வருடக்கணக்காகக் கிடந்தால் ஒயர் உறை விறைத்து வெடிக்கும். எல்லா ஒயரும் குழாய்க்குள் போகட்டும்.

துவாரகா_கீதா, மார்ச் 5

நீங்கள் எல்லோரும் வெயிலையே பேசுகிறீர்கள். என் கதை மழைக்காலத்தில் நடந்தது. நான்கு வருடம் முன்பு படுக்கையறையின் வெளிச்சுவரில் உட்பக்கமாகச் சட்டம் அடித்து, நடுவில் காப்பு வைத்து, ஜிப்சம் போர்டு போட்டு, மேலே அழகான வினைல் வால்பேப்பர் ஒட்டினோம். மே, ஜூன் சொர்க்கம். ஆகஸ்டில் ஒரு வாடை. செப்டம்பரில் வால்பேப்பரின் ஓரம் தூக்கியது, இழுத்துப் பார்த்தால் பின்னால் முழுக்கக் கரும்பூஞ்சை. செய்துகொடுத்த ஆள் "குழாய் கசிவு மேடம்" என்று சுவரையே உடைக்கப் பார்த்தார். அந்தச் சுவரில் குழாயே கிடையாது!

குளிர்கிடங்கு_குமரன், மார்ச் 5

அக்கா, அது கசிவு இல்லை, காற்றிலிருந்த தண்ணீர்தான். ஆகஸ்டில் வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், அந்தக் காற்று 28 டிகிரிக்குக் குளிர்ந்த எதையாவது தொட்ட உடனே வியர்க்கும். நீங்கள் ஏசியை 24இல் வைத்திருக்கிறீர்கள். வெளி ஈரம் சந்துபொந்து வழியாக உள்ளே வந்து, குளிர்ந்த ஜிப்சம் போர்டின் முதுகில் உட்கார்ந்தது. வினைல் பேப்பர் பிளாஸ்டிக், அதைத் தாண்டி அறைக்குள் வந்து காய வழியில்லை. அங்கேயே தங்கிவிட்டது.

எங்கள் தொழிலில் முதல் பாடமே, நீராவித் தடுப்பு எப்போதும் சூடான பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான். கிடங்குக்கு அது வெளிப்பக்கம். தில்லி மழைக்காலத்து ஏசி அறைக்கும் அதேதான். குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு உட்பக்கம் பாலித்தீன் தாள் விரிப்பவர்கள் இங்கே பூஞ்சைக்குப் பாய் போட்டுக் கொடுக்கிறார்கள். அங்கே சூடான பக்கம் உள்ளே, இங்கே வெளியே. பாலு, பலகையை வெளியே போர்த்தி இணைப்புகளுக்கு டேப் போட்டால் அதுவே தடுப்பு. உட்பக்கம் சாதாரணப் பெயின்ட் போதும், வால்பேப்பர் வேண்டாம்.

மலைவீடு_ஆனந்தி, மார்ச் 7

இடையில் நுழைகிறேன், மன்னியுங்கள். நாங்கள் உத்தராகண்ட் மலையில் முக்தேஷ்வர் பக்கம் சின்னதாக ஒரு மர வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறோம், 2,000 மீட்டருக்கு மேல். தேவதாரு மரச் சட்டம். அங்கே சூடான பக்கம் உள்ளேதானே? அப்படியானால் எல்லாம் தலைகீழா?

பழைய_பொறியாளர், மார்ச் 7

தடுப்பு தலைகீழ், பலகை இருக்கும் இடம் மாறாது. மலையில் ஜனவரி ராத்திரியில் அடுப்பு, மூச்சு, சமையல் ஆவி எல்லாம் வெளியே போகப் பார்க்கும். அந்த ஆவி சட்டத்துக்குள் புகுந்து, வெளிப்பலகையின் குளிர்ந்த உள்முகத்தில் நீராகும். வெளியே போட்ட நுரை மெல்லியதாக இருந்தால் ஆபத்து அதிகம், ஏனென்றால் அது ஆவியை அடைக்கும், ஆனால் மரத்தைச் சூடாக வைக்காது. கனமாகப் போட்டால் மரம் நுரைக்கு உள்பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும், வியர்க்காது. போட்டால் தாராளமாகப் போடுங்கள், இல்லையென்றால் வெளியே நுரையே வேண்டாம்.

மரச் சட்டத்துக்கு நடுவில் விறைப்பான பலகையை வெட்டிச் சொருகுவதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மரம் காயக் காயச் சுருங்கும், பலகை சுருங்காது, ஓரத்தில் சந்து விழும். அந்த இடத்துக்கு ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த கம்பளி) நல்லது. பஞ்சு மாதிரி அமுங்கி நிற்கும், எரியாது, சத்தத்தையும் குறைக்கும். நடுவில் ராக்வூல், வெளியே நுரைப் பலகை, இது எஃகுச் சட்டத்துக்கும் நல்ல ஜோடி. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிலைத்தால் உளுத்துவிடும், மூடுவதற்கு முன் ஈரமானியால் பார்த்துவிடுங்கள். இரண்டு பக்கமும் அலுமினியத் தாள் போட்ட பலகையால் மரத்தைப் பொட்டலம் கட்டாதீர்கள், ஏதாவது ஒரு பக்கம் காய வழி வேண்டும். நுரை மண்ணைத் தொடவே கூடாது. கரையான் அதைத் தின்னாது, ஆனால் அதற்குள் ராஜபாட்டை போட்டு மரத்துக்குப் போய்விடும், வெளியே ஒரு தடயமும் தெரியாது.

லட்சுமிநகர்_ராஜா, மார்ச் 8

ஏழு வருடம் கட்டுமானத்தில் தீப்பாதுகாப்பு பார்த்தவன். இவ்வளவு பேர் பேசியும் அந்த வார்த்தை வரவில்லையே என்று காத்திருந்தேன்.

நுரைப் பலகை எல்லாமே எரியும். "எஃப்ஆர்" (தீத்தடுப்பு வகை) என்று அச்சிட்டிருந்தால் தீக்குச்சியை எடுத்ததும் அணையும் என்றுதான் பொருள், அறையே பற்றினால் அதுவும் எரியும். இபிஎஸ் உருகிச் சொட்டும். பிஐஆர் கருகி நிற்கும், ஆனால் அதன் புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்தார்கள். வெளியே பாலித்தீன் நடுக்கொண்ட அலுமினியத் தகடு, உள்ளே பெரும்பாலும் பிஐஆர் நுரை, நடுவில் காற்றிடைவெளி. அந்த இடைவெளி புகைபோக்கி மாதிரி தீயை மேலே இழுத்தது. அவ்வளவு உயரக் கட்டடத்தையும் ஒரு மாடி அறையையும் ஒப்பிடவில்லை. ஆனால் பட்டை அடித்து இடைவெளி விடச் சொன்னீர்களே சார், அதன் தலைப்பக்கமும் ஜன்னல் ஓரங்களும் திறந்து கிடக்கக் கூடாது.

உட்பக்கம் குறைந்தது 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு, இணைப்பு பூசி, சீலிங்கிலும் சேர்த்து. பொய் சீலிங்குக்கு மேலே நுரை மொட்டையாகத் தெரிவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், அங்கேதான் ஒயர் இணைப்பும் இருக்கும். இன்வெர்ட்டரை அந்த அறைக்குள் வைக்காதீர்கள். வெளிமுகத்தில் எங்கும் நுரை தெரியக் கூடாது, தீபாவளி ராக்கெட் தில்லி மொட்டை மாடிகளில்தான் வந்து விழும். மாடிக்கு ஒரே படிக்கட்டு என்றால் பெண்ணின் மேசையைக் கதவுக்கு அருகில் போடுங்கள்.

நொய்டா_செந்தில், மார்ச் 8

நானும் ஒன்று விட்டுவிட்டேன். நுரைப் பலகை சட்டத்துக்கு வலு சேர்க்காது. தில்லி நிலநடுக்க ஆபத்து உள்ள ஊர், மே மாதத்தில் ஆந்தி (புழுதிப் புயல்) வேறு வரும். சட்டத்துக்குக் குறுக்குப் பட்டை (மூலைக்கு மூலை ஜிஐ ஸ்ட்ராப்) கட்டினாரா என்று பலகை மூடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். எங்கள் பக்கத்துக் கேபின் ஒரு ஆந்தியில் சாய்சதுரமானதைக் கண்ணால் பார்த்தவன் நான். இடைவெளியின் அடியில் எலி, அணில் நுழையாத அளவு பொடிக் கண் வலையும் வேண்டும்.

கரோல்பாக்_கண்ணன், மார்ச் 8

சரி, நான் ஒன்றரை டன்னை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். இவ்வளவு இறுக்கமாக மூடினால் ஏசி இல்லாத நேரத்தில் என்ன ஆகும்? கரண்ட் போனால்?

பழைய_பொறியாளர், மார்ச் 9

நல்ல கேள்வி. வெப்பம் உள்ளே வராமல் தடுக்கும் போர்வை, உள்ளே பிறக்கும் வெப்பத்தையும் வெளியே விடாது. ஒரு ஆள், ஒரு கணினி, ஒரு விளக்கு இருந்தாலே மெல்ல ஏறும். எதிரெதிரே இரண்டு ஜன்னல், மேலே ஒரு எக்ஸாஸ்ட். ராத்திரி பத்து மணிக்குமேல் திறந்துவிட வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே நிழல் தடுப்பு இல்லையென்றால் இந்த இழையில் பேசிய எல்லாமே வீண், கண்ணாடி வழியாக வந்துவிடும்.

பர்சாத்தி_பாலு, ஜூன் 11

மூன்று மாதம் கழித்து வருகிறேன். கட்டி முடித்துப் பெண் குடிபோய்விட்டாள்.

டேக்கேதாரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பெரும்பாடு. "வெளியே தெர்மோகோலா? மழையில் ஊறும் சாப்" என்றார். கடைசியில் குமரன் சொன்னபடி கீழே அரை மீட்டர் எக்ஸ்பிஎஸ், மேலே இபிஎஸ் 25 மி.மீ. இரண்டு அடுக்கு, கூரைக்கு பிஐஆர் என்று முடிவானது. தராசோடு கடைக்குப் போனேன். முதல் கடையில் 310 கிராம். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. இரண்டாவது கடையில் 490, எடுத்துவிட்டேன்.

எச்சரிக்கையை எல்லாம் படித்துவிட்டும் ஒரு விபத்து நடந்தது. நான் அலுவலகம் போயிருந்த நாளில் மிஸ்திரி ஜன்னல் ஓரத்துத் துண்டுகளை ரப்பர் பசையால் ஒட்டியிருக்கிறார். சாயங்காலம் வந்து பார்த்தால் பலகையில் நடுவில் குழிகுழியாக, அம்மைத் தழும்பு மாதிரி. ஏழு துண்டு மாற்றினோம். குறுக்குப் பட்டை இரண்டு சுவரில்தான் இருந்தது, செந்தில் சொன்னதால் பார்த்து மற்ற இரண்டிலும் கட்ட வைத்தேன்.

போன வாரம் வெப்பமானித் துப்பாக்கி இரவல் வாங்கி அளந்தேன். மாலை நாலரை மணி, வெளியே 44. மேற்குச் சுவர் வெளிமுகம் 57. ஒரு டன் ஏசி ஓட உள்ளே 28. உள்சுவர் 30, 31. செந்தில் மாதிரி கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன், சேனல் எங்கே என்று தெரியவில்லை! ஆனால் கதவு நிலைக்குப் பக்கத்தில் மட்டும் 36. அங்கே பலகை ஓரம் வரை போகவில்லை, நிலையின் இரும்பு நேராக வெளியே தெரிகிறது. அதைச் சுற்றி ஏதாவது செய்ய முடியுமா?

குளிர்கிடங்கு_குமரன், ஜூன் 11

நிலையின் வெளிமுகத்தை 20 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பட்டையால் சுற்றி, அதன்மேல் சிமென்ட் போர்டுத் துண்டு அடியுங்கள். அழகு கொஞ்சம் குறையும். முழுதாகப் போகாது, 32க்கு வரும்.

பழைய_பொறியாளர், ஜூன் 12

57க்குக் காரணம் போர்டின் நிறம்தான். சாம்பல் நிறமாகவே விட்டிருக்கிறீர்கள் இல்லையா? வெள்ளை அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்ப அதைவிட மலிவான வழி கிடையாது.

பர்சாத்தி_பாலு, ஆகஸ்ட் 24

வெள்ளை அடித்தாயிற்று, நிலைக்குப் பட்டையும் போட்டாயிற்று. கீதா அக்காவை நினைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை மூலை முடுக்கெல்லாம் முகர்ந்து பார்க்கிறேன், இதுவரை வாடை இல்லை. ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றி ஜிப்சம் போர்டின் முதுகைத் தொட்டேன், உலர்ந்துதான் இருந்தது. அடைமழையில் கூரைச் சத்தம் மட்டும் எதிர்பார்த்ததைவிட அதிகம். ராக்வூல் போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியாக ஒன்று. எட்டுத் துண்டு எக்ஸ்பிஎஸ் மிச்சம் இருக்கிறது. மொட்டை மாடித் தண்ணீர் டாங்கைச் சுற்றிக் கட்டலாமா? போன மே மாதம் மதியம் குளிக்கப் போனால் வெந்நீராகக் கொட்டியது.

துவாரகா_கீதா, ஆகஸ்ட் 24

கட்டுங்கள், நாங்கள் கட்டியிருக்கிறோம். ஆனால் வெயிலில் மொட்டையாக விடாதீர்கள், ஒரே வருடத்தில் மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மேலே தகடோ துணி ஒட்டிய சிமென்ட் பூச்சோ வேண்டும். மூடியையும் சேர்த்துக் கட்டுங்கள், நாங்கள் சுற்றிலும் கட்டிவிட்டு மூடியை விட்டுவிட்டோம், தண்ணீர் அப்படியேதான் சுட்டது.

லட்சுமிநகர்_ராஜா, ஆகஸ்ட் 25

தகடு போடுங்கள் பாலு. தீபாவளி வருகிறது.